1966 ஜி.டி.ஓ. வாங்கலாமா? இன்றைய காரில் பழகிய கைக்கு அது எப்படி இருக்கும்?

#1 நோவை_நந்தா

எல்லோருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் வந்து 11 வருடமாகிறது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வந்தால் வுட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து ஏங்குகிற ஆள் நான். இப்போது பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் தன் 1966 போன்டியாக் ஜி.டி.ஓ.வை விற்கிறார். 389 கன அங்குல எஞ்சின், 335 குதிரைத்திறன், நாலு கியர், கையால் போடுவது.

விலை எப்படியோ ஒத்துவரும் போலிருக்கிறது. என் கவலை வேறு. ஊரில் அப்பாவின் மாருதி 800 ஓட்டினேன், இங்கே வந்து இரண்டு செடான், இப்போது ஒரு எஸ்.யூ.வி. என் அனுபவம் அவ்வளவுதான். மசில் காரில், அதாவது பெரிய எஞ்சின் போட்ட அந்தக் கால அமெரிக்க வண்டியில், உட்கார்ந்ததுகூட இல்லை. ஓட்டினால் எப்படி இருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். விற்கிறவர் "புது வண்டி மாதிரியே ஓடும்" என்கிறார். 1966இல் புது வண்டி எப்படி ஓடியது என்பதே எனக்குத் தெரியாதே!

#2 பழைய_இரும்பு

நந்தா தம்பி, என்னிடம் 1965 ஜி.டி.ஓ. இருக்கிறது, ஒன்பது வருடமாக. அதே 389, நாலு கியர். உங்கள் 66தான் அதிகம் விற்ற வருடம், 96,946 வண்டி. உதிரி பாகத்துக்குப் பஞ்சம் வராது. சரி, ஓட்டும் கதைக்கு வருவோம்.

சாவியைத் திருப்புவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்துவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின் பிடிப்பதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக் அப்போதுதான் மூடும். பிறகு சாவி. பிடித்ததும் உறுமிக்கொண்டே நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டினால் ஐடிலுக்கு இறங்கும். வாங்கிய புதிதில் இது புரியாமல் ஐந்தாறு தடவை மிதித்து, கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி, பெட்ரோல் பங்கிலேயே அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வேடிக்கை பார்க்க வந்த ஒரு தாத்தா, காலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். உடனே பிடித்துக்கொண்டது. வண்டிமேல் தப்பில்லை, என் கால்மேல்தான்.

அடுத்து ஸ்டீயரிங். உங்கள் எஸ்.யூ.வி.யில் ஒரு விரல் அசைத்தால் மூக்கு திரும்பும். இதில் நடுவில் கொஞ்சம் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், இருக்கும், அதற்குப் பிறகுதான் வண்டிக்கு விஷயம் தெரியவரும். நேரான சாலையிலும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், கயிற்றைச் சும்மா பிடித்திருப்பதுபோல் தோன்றும், ஆனால் கை ஒரு கணமும் ஓய்ந்திருக்காது. அதே கதை.

சீட்டு அழகான பக்கெட் சீட்டு. ஆனால் பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது. வளைவில் உடம்பு கதவுப் பக்கம் நகரும், ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் உட்கார வேண்டும். பெல்ட் இடுப்புக்கு மட்டும். ஹெட்லைட் டிம்மர் இடது காலுக்குக் கீழே தரையில் ஒரு பொத்தான். எனக்கு மிகவும் பிடித்த சாமான் அதுதான், ஏன் என்று கேட்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் 70 மைலில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3200 சுற்று சுற்றும். என்னுடையதில் பின் ஆக்சில் பல்விகிதம் 3.55, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். 40, 45 மைலில் மரங்கள் அடர்ந்த இரண்டு வழிச் சாலையில் மூன்றாம் கியரில் போகும்போது பாருங்கள், அதுதான் அந்த வண்டியின் ஊர்.

#3 மின்னல்_மணி

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். 335 குதிரை, 389 கன அங்குலம் என்று பெருமை பேசுகிறீர்கள். என் வீட்டு மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் உங்களைச் சிக்னலில் விட்டுவிட்டுப் போய்விடும், பின்சீட்டில் தூங்குகிற பிள்ளைகூட எழாது. பிறகு எதற்கு இத்தனை பாடு?

#4 பழைய_இரும்பு

போகட்டுமே மணி. போன வருடம் ஒரு மினிவேன் என்னை விட்டுவிட்டுப் போனது, ஓட்டியது ஒரு பாட்டி. கையை வேறு ஆட்டினார்.

#5 பிரேக்_ரமணி

இருபது வருடமாக பிரேக் வடிவமைப்பில் வேலை பார்ப்பவன். அதனால் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளிக்கிறேன்.

முதலில் குதிரைத்திறன். அன்று அறிவித்த எண்கள் 'கிராஸ்' கணக்கு. எஞ்சினை வண்டியிலிருந்து தனியாக எடுத்து ஸ்டாண்டில் வைத்து, ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தது. 1972 மாடல்களிலிருந்துதான் எல்லோரும், இதையெல்லாம் மாட்டி அளக்கும் 'நெட்' கணக்குக்கு வந்தார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க 1971 ஷெவ்ரொலே 454 எஞ்சின் ஒன்று போதும். அந்த வருடம் இரண்டு எண்ணும் வெளியானது: கிராஸ் 365, நெட் 285. ஆகவே உங்கள் 335ஐ இன்றைய காரின் 335க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 2018இல் வந்த டொயோட்டா வி6 கேம்ரிக்கு 301 குதிரை, நெட். ஆபீஸ் போகிற வண்டி அது. 60 மைலை 6 விநாடிக்குள் தொடும்.

அந்தக் காலப் பத்திரிகைச் சோதனைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். 1964இல் ஜி.டி.ஓ.வை ஃபெராரி ஜி.டி.ஓ.வோடு ஒப்பிட்ட பிரபலமான கட்டுரைக்குக் கொடுத்த வண்டியில் 389க்குப் பதில் 421 எஞ்சின் இருந்தது என்று போன்டியாக் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இனி என் துறை. 1966 ஜி.டி.ஓ.வில் நாலு சக்கரத்திலும் டிரம், அதாவது சக்கரத்தோடு சுற்றும் உருளையின் உள்பக்கத்தை 'ஷூ' என்ற வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் பிரேக். முன் டிஸ்க் 1967இல்தான், அதுவும் தனியாகக் காசு கொடுத்துக் கேட்டால். டிரம் பிரேக் முதல் தடவை நன்றாகவே பிடிக்கும். சக்கரம் சுற்றுகிற வேகமே ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும். அதனால்தான் காலுக்கு லேசாகவும் இருக்கும். சிக்கல் இரண்டாவது, மூன்றாவது தடவை. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். மழைத்தண்ணீர் உள்ளே போனால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும். ஏ.பி.எஸ். கிடையாது, சக்கரம் பூட்டிக்கொண்டால் உங்கள் காலால்தான் விடுவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதில் ஒற்றை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. இரட்டைச் சிலிண்டர் 1967 மாடலில்தான் வந்தது.

மூன்றாவது விஷயம் சொன்னால் அடிக்க வருவீர்கள். "பழைய வண்டியில் சாலை கையில் தெரியும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பவர் ஸ்டீயரிங்கில் முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்கு ஒன்றுமே தெரியாது. அதிர்வையும் ஆட்டத்தையும் தகவல் என்று எடுத்துக்கொள்கிறோம். இன்றைய சாதாரண ஹேட்ச்பேக் அதைவிடத் தெளிவாகப் பேசும்.

#6 கார்த்திகா_டொலீடோ

ரமணி சார், ஸ்டீயரிங் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது 1966 ஃபோர்ட் மஸ்டாங். ஆறு சிலிண்டர், 120 குதிரை, ஆட்டோமேட்டிக். மசில் கார் சங்கத்தில் சேர்க்கமாட்டீர்கள் என்று தெரியும், பரவாயில்லை. அதன் ஸ்டீயரிங் ஊமை.

ஆனால் ஊமை ஸ்டீயரிங் மட்டும்தான், வண்டி ஊமையில்லை. எஞ்சின் சூடு கால்மாட்டில் ஏறுவதை வைத்தே வெயிலில் எவ்வளவு நேரம் சிக்னலில் நின்றேன் என்று தெரியும். கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்றால் மூக்கு சொல்லும். ஒரு வால்வு டிக் டிக் என்றால் காதுக்குத் தெரியும். கணவருடைய புதுக் காரில் ஏதாவது கோளாறு என்றால் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரியும். ஏன் என்று கேட்டால் பதில் வராது, சர்வீஸுக்கு எடுத்துப் போ என்று மட்டும் சொல்லும்.

நந்தா, இன்னொரு விஷயம். துணி நாறும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 1975 மாடல்களிலிருந்துதான். அதற்கு முந்தைய வண்டியில் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தால் தலைமுடிவரை பெட்ரோல் வாசம். என் மாமியார் வாசல்படியிலேயே நிறுத்திவிடுவார். கல்யாணத்துக்கு அதில் போகாதீர்கள், பட்டுப்புடவை மூன்று நாள் காயவேண்டியிருந்தது.

#7 சேலம்_சிவா

இத்தனை பயம் எதற்கு? டெக்சாஸில் நாங்கள் செய்வது இதுதான். உடம்பு பழையது, உள்ளே எல்லாம் புதுசு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஓவர்டிரைவோடு ஐந்து கியர், ரேடியல் டயர், நல்ல ஏ.சி. நண்பர் ஒருவரின் 1969 ஷெவ்ரொலே ஷெவெல் அப்படித்தான். சாவி போட்டால் ஸ்டார்ட், 75 மைலில் சும்மா பேசிக்கொண்டே போகலாம். 100 டிகிரி வெயிலில் ஏ.சி. இல்லாமல் இங்கே எவன் ஓட்டுவான்?

#8 பழைய_இரும்பு

சிவா, நானும் இரண்டு மாற்றினேன். வாங்கிய முதல் மாதமே இரட்டை மாஸ்டர் சிலிண்டர், ரமணி சொன்ன அதே காரணத்துக்காக. அப்புறம் ரேடியல் டயர். ரேடியலுக்கு முந்தைய வகையான பயஸ் பிளை டயரில் வந்திருந்தது. சாலையில் நீளவாக்கில் பள்ளம் இருந்தால் அது போகிற பக்கமே வண்டியும் போகும். ராத்திரி நிறுத்தி வைத்த டயர் காலையில் தட்டையாகி முதல் இரண்டு மைல் தடதடவென்று அடிக்கும். டயர் மாற்றியதும் வண்டியே மாறிவிட்டது.

அதோடு நிறுத்திவிட்டேன். இன்ஜெக்‌ஷன், ஐந்து கியர், டிஸ்க், புது ஸ்டீயரிங் எல்லாம் போட்டால் கடைசியில் நான் ஓட்டுவது தகரம் மட்டும் பழையதான ஒரு புதுக் கார். அதற்கு என் ஆபீஸ் வண்டி போதாதா?

#9 சேலம்_சிவா

அதென்ன கோடு அண்ணே? டயர் மாற்றலாம், பிரேக் மாற்றக்கூடாதா? 1966இல் வண்டி வாங்கின பையன்களே வாங்கின மறுநாள் கார்புரேட்டரையும் ஆக்சில் பல்லையும் மாற்றினார்கள். ஜி.டி.ஓ.வே அப்படிப் பிறந்ததுதானே. நடுத்தர வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் சொன்னது. போன்டியாக் தலைமைப் பொறியாளர் டிலோரியனின் ஆட்கள் 389ஐத் தனி மாடல் இல்லை, போன்டியாக்கின் டெம்பெஸ்ட் வண்டிக்கு 'ஆப்ஷன்' என்று எழுதி உள்ளே நுழைத்தார்கள். அப்படி வந்த வண்டிக்குக் கற்பு பார்க்கிறீர்களே.

#10 பழைய_இரும்பு

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன். டிஸ்க் போடமாட்டேன்.

#11 கோவை_பட்டறை

நான் மசில் கார் தொட்டதில்லை, ஊரில் அம்பாசிடர், பத்மினி கார்புரேட்டர் பிரித்து வளர்ந்தவன். இப்போது ஓஹாயோவில். படிக்கிறபோது சிரிப்பாக இருக்கிறது. டிரம் பிரேக், ப்ளே உள்ள ஸ்டீயரிங், வெயிலில் மூச்சு திணறும் எஞ்சின், முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி முகத்துக்குக் காற்று வாங்குவது, இதெல்லாம் நமக்கு விரதம் இருந்து அனுபவிக்கிற விஷயமா? கோத்தகிரி இறக்கத்தில் அம்பாசிடரை இரண்டாம் கியரில் போட்டு இறக்கிய எந்த டிரைவரும் ரமணி சாரின் பாடத்தைத் தூக்கத்தில் சொல்வார்.

நந்தாவுக்கு இரண்டு குறிப்பு. இங்கே பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 60களின் ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது, இளகிக் கசியும். வாங்கினால் முதல் வாரமே எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலும் கண்டதை ஊற்றாதீர்கள். வால்வுகளைத் திறக்கும் அந்தக் காலத்து கேம் ஷாஃப்டுக்குத் துத்தநாகச் சேர்மம் உள்ள ஆயில் வேண்டும், இன்றைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். கேம் தேய்ந்துபோனால் செலவு பழுத்துவிடும்.

அப்புறம், ஸ்பார்க்குக்கான காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ் தகடு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிடம். உங்கள் எஸ்.யூ.வி.யில் பத்து நிமிடத்தில் நீங்களாகச் சரிசெய்யக்கூடியது என்ன இருக்கிறது, வைப்பர் ரப்பரைத் தவிர?

#12 மின்னல்_மணி

கோவை அண்ணே, என் காரில் பத்து நிமிடம்கூட எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. அதுதானே முன்னேற்றம்?

#13 கோவை_பட்டறை

முன்னேற்றம்தான் தம்பி, மறுக்கவில்லை. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை.

#14 பிரேக்_ரமணி

நந்தா, குழந்தை இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1959 ஷெவ்ரொலே பெல் ஏர் ஒன்றையும் 2009 ஷெவ்ரொலே மலிபு ஒன்றையும் 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்ட வீடியோவை ஒருமுறை பாருங்கள். பழைய வண்டி கனமான இரும்பு, தாங்கும் என்று நம்புகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பெல் ஏரில் ஓட்டுநர் இடமே நசுங்கிவிட்டது. மலிபுவில் ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில் மட்டும் லேசான காயம். உங்கள் வண்டி 1959 இல்லைதான். ஆனால் மோதலில் மடங்கி அதிர்ச்சியை வாங்கும் ஸ்டீயரிங் தண்டுகூட ஜி.எம். வண்டிகளில் 1967 மாடலில்தான் வந்தது.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெண்ணை அதில் ஏற்றமாட்டேன், அவ்வளவுதான்.

#15 கார்த்திகா_டொலீடோ

நானும் ஏற்றுவதில்லை. தனியாகப் போவதுதான் அதன் சுகமே என்பது வேறு விஷயம்.

#16 பழைய_இரும்பு

ஒரு சட்ட விவரம், மிச்சிகன்காரர்களுக்கு. 26 வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டிக்கு 'ஹிஸ்டாரிக்' நம்பர் பலகை வாங்கலாம். அப்படி வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், சோதனை ஓட்டம் என்று மட்டும்தான் எடுக்கலாம், ஆகஸ்ட் மாதத்தைத் தவிர. ஆகஸ்டில் இஷ்டம்போல் ஓட்டலாம். அதனால் ஆகஸ்ட் முழுக்க நான் ஆபீஸுக்கு ஜி.டி.ஓ.வில்தான் போகிறேன். முதல் இரண்டு நாள் ஜாலி. மூன்றாம் நாள் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகும். நாலாம் நாள் மழை, வைப்பர் தண்ணீரைத் தள்ளுவதைவிட மெழுகுவதுதான் அதிகம். 31ஆம் தேதி கவரைப் போட்டு மூடிவிட்டு ஆபீஸ் வண்டியில் ஏறினால், ஆஹா, குளிரூட்டிய சீட்டு! பத்து நாள் அந்தப் புது வண்டியைக் கொண்டாடுவேன். அப்புறம் மறுபடியும் கராஜ் பக்கம் கால் போகும்.

இப்போது எடுக்கலாமா என்று கேட்டால், பனி உருகுவதற்காகச் சாலையில் போட்ட, தகரத்தை அரிக்கிற உப்பை இரண்டு நல்ல மழை கழுவட்டும். அதுவரை சோதனை ஓட்டமே வேண்டாம்.

#17 நோவை_நந்தா

மழை பெய்தது, போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுத வரவில்லை, நினைவுக்கு வருகிறபடி சொல்கிறேன்.

பழைய_இரும்பு அண்ணா சொன்னபடி ஒரே ஒரு மிதி, சாவி, பிடித்துக்கொண்டது. பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அந்தப் பார்வைக்காகவே இந்த இழைக்கு நன்றி. அதற்குப் பிறகு மானம் போனது. கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று தெரியாமல் வாசலிலேயே மூன்று தடவை வண்டி ஆஃப். மாருதி 800இல் பழகிய கால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளட்சுக்கு அது கொசு.

முதல் ஸ்டாப் பலகையில் வழக்கம்போல் கடைசி நேரத்தில் மிதித்தேன். நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பலகைக்கு அரை ஃபர்லாங் முன்பே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

பிறகு ஊருக்கு வெளியே ஒரு நேர் சாலை. இரண்டாம் கியரில் மிதித்தேன், மூக்கு தூக்கிக்கொண்டது, சத்தம் முதுகெலும்பில் ஏறியது, மூன்றாவது போட்டேன், கை ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறது, ஜன்னல் காற்று காதில் அறைகிறது. போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். 47. அந்தச் சாலையின் வரம்பு 55.

வீட்டுக்குத் திரும்பும்போது என் எஸ்.யூ.வி.யில் ஃபோனில் பேசிக்கொண்டே வந்தேன். பார்த்தால் 82.

ரமணி சார் சொன்ன வீடியோவை மனைவிக்குக் காட்டவில்லை. அவளாகவே தேடிப் பார்த்துவிட்டாள். குழந்தை ஏறக்கூடாது, நெடுஞ்சாலை கூடாது, இரட்டை மாஸ்டர் சிலிண்டர் முதலில் என்று மூன்று நிபந்தனை. மூன்றாவதை எங்கே படித்தாள் என்று கேட்டேன், சிரிக்கிறாள். இந்த இழையில் யாராவது புதுப் பெயரில் வந்தால் சொல்லுங்கள்.

இப்போது சிக்கல் ஒன்றுதான். கராஜ் ஆழம் 19 அடி 6 அங்குலம். பின்சுவர் ஓரம் ஃப்ரீசர், இரண்டரை அடி. மிச்சம் 17 அடி. வண்டி நீளம் 17 அடி 2 அங்குலம்.

#18 சேலம்_சிவா

பம்பரைக் கழற்றிவிடுங்கள் 😀

#19 பழைய_இரும்பு

சிவா, நீ இந்தப் பக்கம் வராதே.

#20 கார்த்திகா_டொலீடோ

ஃப்ரீசரில் என்ன இருக்கிறது நந்தா?

#21 நோவை_நந்தா

மாமியார் கொடுத்தனுப்பிய வடகம், உப்புக்கண்டம், இரண்டு வருடத்துக் குழம்புப் பொடி.

#22 கார்த்திகா_டொலீடோ

அப்படியென்றால் கஷ்டம்தான். பேஸ்மென்ட் படிக்கட்டின் அகலத்தை அளந்து போடுங்கள், பார்ப்போம்.